மனு எண் இருக்கிறது, பதில் எங்கே?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தால் தமிழுக்குச் சரிசமமாகத் தெலுங்கும் காதில் விழுகிறது. இருபது வருடத்துக்கு முன் இப்படி இல்லை. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்திறங்குவதற்குத் தெலுங்கு ஆன்மிகச் சொற்பொழிவுகளும் அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோன யூடியூபும்தான் காரணம் என்று ஊர்க் கடைக்காரர்கள் சொல்வார்கள். ஓட்டல் பலகைகளில் தெலுங்கு ஏறியிருப்பதே அதற்குச் சாட்சி. 14 கிலோமீட்டர் பாதையில் எந்த லிங்கம் எங்கே இருக்கிறது, வண்டியை எங்கே விடலாம் என்பதெல்லாம் ஊரை முன்பின் பார்க்காதவருக்கும் அத்துப்படி. இதே ஊரில் பிறந்து இங்கேயே கல்லூரிக்குப் போகிற பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் உன் வார்டு கவுன்சிலர் யார், பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்.

இதைச் சொன்னதும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் அக்கறை இல்லை என்று ஒருவர் ஆரம்பிப்பார். அந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. கைப்பேசி அவர்களைப் பொதுவாழ்க்கைக்குக் கூட்டிவந்திருக்கிறது. எந்த வாசல் வரை கூட்டிவந்தது, அந்த வாசலுக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கைப்பேசி இந்த மாவட்டத்தில் ஊரை ஒன்றுதிரட்டியதற்குக் கொடுமையான சாட்சி போளூர் பக்கத்து அத்திமூர். 2018 மே 9. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குக் காரில் இருந்த பாட்டியம்மா சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸப் செய்திகள் அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. சந்தேகம் பரவியது, ஊர் திரண்டது, காரை மறித்து அடித்தார்கள். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா செத்துப்போனார். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

அந்த வருடம் இந்தியா முழுக்க இப்படிப் பல சாவுகள் நடந்த பிறகு, ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் வரம்பு வைத்தது. நல்லதுதான். ஆனால் அத்திமூரில் அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு போன். காவல் நிலையத்தைக் கூப்பிட்டு “இப்படி ஒரு கார் நிற்கிறது, யார் என்று பாருங்கள்” என்று சொல்லியிருந்தால் போதும். வாட்ஸப் செய்தியை நம்புகிற அளவுக்கு, கூப்பிட்டால் ஆள் வருவார் என்று நம்ப யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா அனுப்பிய செய்திக்கு உள்ள மதிப்பு அரசாங்க எண்ணுக்கு இல்லாமல்போனது செயலியின் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. வதந்தி அதோடு நிற்கவில்லை; 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. அதே வருடம் தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. அரசே நடத்தும் சரிபார்ப்பகம் அரசைப் பற்றிய செய்தியை எப்படிச் சரிபார்க்கும் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டால், அது நியாயமான கேள்வி.

அதே வாட்ஸப்தான் பதினாறு மாதம் முன்பு வேறொரு கூட்டத்தையும் சேர்த்திருந்தது. 2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு கேட்டுப் போராடியவர்கள் கைதான செய்தி பரவ, மறுநாள் மெரினாவில் சில நூறு பேர் கூடினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. மாவட்டத் தலைநகரங்களிலெல்லாம் மாணவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றம் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அன்று காலையிலேயே போலீஸ் மெரினாவைக் காலிசெய்தது. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. கட்சி எதிலும் உறுப்பினர் சீட்டு வாங்காத பிள்ளைகள் ஒரே வாரத்தில் ஒரு சட்டம் வாங்கினார்கள். அடுத்த வாரம் போய்ச் சேர அவர்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

அக்கம்பக்கத்து நாடுகளிலும் ஏறக்குறைய இதே கதை. இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களை அரசு முடக்கியது, பிள்ளைகள் விபிஎன் வழியாக உள்ளே போனார்கள், காலிமுகத்திடல் நிறைந்தது, ஜூலை 14 அன்று கோத்தபய ராஜபக்ச பதவி விலகினார். நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று 26 சமூக ஊடகங்களுக்குத் தடை. 8ஆம் தேதி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பலர் சுடப்பட்டுச் செத்தார்கள், 9ஆம் தேதி பிரதமர் ஒலி விலகினார். இடைக்காலப் பிரதமராக யாரை வைக்கலாம் என்று டிஸ்கார்டு அரட்டைத் தளத்தில் வாக்கெடுப்பே நடந்தது. அதில் முன்னுக்கு வந்த சுசீலா கார்க்கி 12ஆம் தேதி பதவியேற்றார். படிக்கும்போது சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வீடு பற்றி எரியும்போது நடப்பவை. அரசாங்கங்களும் இளைஞர் கையிலுள்ள போனை இந்த ஒரு கண்ணால் மட்டுமே பார்க்கப் பழகிவிட்டன. தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தையே துண்டித்தது இங்கே நடந்ததுதான்.

எரியும்போது மட்டுமே போன் விழிக்கிறது என்பதற்கு உள்ளூர்ச் சாட்சி, திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகிழக்கே செய்யாறு பக்கத்து மேல்மா. சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து அந்தச் சுற்றுவட்டார விவசாயிகள் 2023இல் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் அநேகம் பேருக்கு அது தெரியாது. நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்ததும்தான் மேல்மா என்ற பெயர் எல்லார் கைப்பேசியிலும் ஏறியது. சமூக ஊடகங்களில் கொதிப்பு, கட்சிகளின் கண்டனம் எல்லாம் சேர்ந்து, சில நாளிலேயே ஆறு பேர்மீதான நடவடிக்கையை முதல்வர் ரத்துசெய்தார். அந்த நூறு நாளும் மேல்மாவில் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்களோ அது டிரெண்டிங் ஆகவில்லை. கைதுதான் டிரெண்டிங் ஆனது. நிலம் எடுப்பு அறிவிப்பு, ஆட்சேபணை மனு, அதற்கான விசாரணை என்பவை போனில் பகிர்வதற்கு ருசியில்லாத சங்கதிகள். விவசாயிகளின் நிலம் போவதும் தங்குவதும் அந்த ருசியில்லாத தாள்களில்தான் முடிவாகிறது.

கட்சிகளும் இந்தத் தலைமுறையைச் சும்மா விட்டுவைக்கவில்லை. பாஜக 2014இல் மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்றது. மக்கள் நீதி மய்யம் 2018இல் புகார் சொல்ல ஒரு செயலி விட்டது. தவெக 2024இல் செயலியிலேயே உறுப்பினர் சேர்த்தது. திமுக 2025 ஜூலையில் ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்று வீடு வீடாகப் போய் ஓடிபி கேட்க, அந்த ஓடிபிக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. எல்லாக் கட்சிக்கும் வேண்டியது நம்பர்தான். வாங்கிய நம்பரிலிருந்து தலைவரின் காணொளி வரும், மாநாட்டுக்கு அழைப்பு வரும். உங்கள் தெருவில் என்ன பிரச்சினை, கட்சி அதற்கு என்ன செய்யட்டும் என்று கேட்டு வராது. ஒரு காலத்தில் கிளைக்கழகமும் படிப்பகமும் டீக்கடை பெஞ்சும் செய்த வேலை அப்படிக் கேட்பதுதான். பேப்பர் படிக்கவந்த பையன் மெல்ல மனு எழுதக் கற்றுக்கொள்வான், பிறகு மனு கொடுக்கவும் கூடவே போவான். படிப்பகம் பூட்டிக்கிடக்கிறது; அந்த வேலையை இன்னும் எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி சாதாரண நாளுக்கு வருவோம். விஷயம் இருப்பது இங்கேதான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எண்ணூறுக்கு மேல் ஊராட்சிகள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் தத்தம் ஊராட்சியின் கிராம சபை உறுப்பினர். பதினெட்டு வயதில் தானாக வந்துசேரும் இந்தப் பதவிக்கு டெபாசிட் கிடையாது, சீட்டுக்கு யார் காலிலும் விழ வேண்டாம். குடியரசு நாள், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று இப்போது வருடத்துக்கு ஆறு கூட்டம். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைப் பெண்களை வேலையிடத்திலிருந்தே கூட்டிவந்து உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவது ஊரறிந்த ரகசியம். செயலர் வரவு செலவை மூச்சுவிடாமல் வாசிப்பார், நோட்டு கைமாறும், கையெழுத்து விழும். ஓரமாக நிற்கும் இளைஞர்கள் அதைக் காணொளி எடுப்பார்கள். சண்டை வந்தால் அது ரீல்ஸ் ஆகும்.

இந்தப் பிள்ளைகளின் போனிலேயே அந்தச் செயலரின் நோட்டில் உள்ளதைவிடக் கூடுதலான சங்கதி இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தைத் திறந்து மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கிப் போனால் அந்த ஊரில் நடந்த ஒவ்வொரு வேலையும் வரிசையாக வரும். எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பீடு, கூலிக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு, எந்த வேலை அட்டைக்கு எத்தனை நாள் போட்டிருக்கிறது எல்லாம் உண்டு. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் செலவுச் சீட்டுகளும் கிடைக்கும். எழுத்து ஆங்கிலம், ஆட்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் கன்னாபின்னாவென்று இருக்கும். பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பொறுமை உள்ள பிள்ளைக்கு அரை நாள் வேலை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் இருபது ரூபாய்க்குப் பிரதி எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். “எங்க ஊர்ல கால்வாய் தூர்வாரவே இல்லைங்க” என்று சொன்னால் “பார்க்கலாம்மா, உக்காரு” என்பார்கள். “இந்த வேலை எண்ணுல வரத்துக் கால்வாய்க்கு இவ்வளவு பணம் செலவாயிருக்குன்னு போட்டிருக்கீங்க, அந்தக் கால்வாய் எங்க இருக்குதுன்னு காட்டுங்க” என்றால் உட்காரச் சொல்வது கஷ்டம். கையில் தாள் இருப்பவரின் குரலுக்கு ஒரு கனம் உண்டு. இளைஞரை அரசியலோடு தொழில்நுட்பம் இணைப்பது என்று எதையாவது சொல்லலாம் என்றால் நான் இந்தத் தாளைத்தான் சொல்வேன்.

தளத்தில் ஏற்றியதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் வருகையைச் செயலியில், நாளுக்கு இருமுறை நிழற்படத்தோடு பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். திருட்டுக் கணக்கு ஒழியும் என்பது நம்பிக்கை. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, ஏற்கெனவே எடுத்த படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. மோசடி காகிதத்திலிருந்து கேமராவுக்கு இடம் மாறிவிட்டது. கேமராவுக்குத் தெரியாதது அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். படத்தில் நிற்பவர் யார் வீட்டு அத்தை, அவர் அன்றைக்கு ஊரில் இருந்தாரா என்பது வரை தெரியும். அதைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் வேண்டும். 2025 டிசம்பரில் அந்தத் திட்டத்தின் இடத்துக்கு 125 நாள் வேலைக்கான புதுச் சட்டம் வந்திருக்கிறது. இந்தப் பக்கங்கள் அதிலும் இதே அளவு திறந்திருக்குமா என்று கவனிப்பதும் ஒரு குடிமை வேலை.

ராஜஸ்தான் இதில் நமக்கு முன்னோடி. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொண்ணூறுகளிலேயே ஊர்ப் பொது விசாரணைகளில் வருகைப் பட்டியலை உரக்க வாசித்தது. செத்தவர் பெயரில் கூலி போனது அங்கே வெளிப்பட்டது; 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர்களில் ஒன்று அது. 2019 செப்டம்பரில் அந்த மாநிலம் ஜன் சூசனா என்ற தளத்தைத் தொடங்கியது. ரேஷன், ஓய்வூதியம், ஊரக வேலை போன்றவற்றின் விவரங்களை யாரும் மனு போட்டுக் கேட்காமலேயே ஊர்வாரியாகப் பார்க்கலாம். அந்தத் தளத்துக்குப் பின்னால் முப்பது வருட ஊர்க்கூட்டப் பழக்கம் இருக்கிறது. நம்மிடம் 2011 முதல் மடிக்கணினி வாங்கிய லட்சக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள், பழக்கம் இல்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் இணையத்தில் பெயர் பதிந்த பிள்ளைகள் மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். செய்ய ஒரு வேலையும் செய்ய ஓர் இடமும் தெளிவாகக் கொடுத்தால் வருகிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

சபை பக்கம் பார்த்தால் நிலைமை வேறு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கேள்வி கேட்கத் தாள் கிடைத்த காலத்தில் பதில் சொல்ல வேண்டிய தலைவர் நாற்காலி காலியானது. 2025 அக்டோபரில் ஆயிரக்கணக்கான கிராம சபைகளில் முதல்வர் ஒரே நேரத்தில் காணொளியில் பேசினார். கேபிளும் திரையும் எட்டாத ஊர் குறைவு என்று அதில் தெரிந்தது. மேலிருந்து கீழே அவ்வளவு சுளுவாக வரும் பேச்சு, கீழிருந்து மேலே போகும்போது மட்டும் ஏன் மனுவாகச் சுருங்கிவிடுகிறது?

அந்த மனுவைப் பின்தொடர்ந்தால் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகம். திங்கள்கிழமை குறைதீர்வு நாள். வாசலில் போலீஸ்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பது மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தபின் தமிழ்நாடு முழுக்க இந்தச் சோதனை நிலைத்துவிட்டது. உள்ளே மனுவை வாங்கிப் பதிந்து எண் தருவார்கள். இதையே 1100க்குப் போன் பண்ணியோ முதல்வரின் முகவரித் தளத்திலோ வீட்டிலிருந்தே செய்யலாம். பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் செய்து தருகிறார்கள். சில வாரம் கழித்து, சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்ற ஒரு வரியோடு மனு முடித்துவைக்கப்பட்டிருக்கும். புள்ளிவிவரத்தில் அது தீர்ந்த மனு. அதைத் தட்டச்சுசெய்து அனுப்பிய பதினேழு வயதுப் பிள்ளை அன்றைக்கு அரசைப் பற்றி ஒரு பாடம் படிக்கிறது. எந்த விழிப்புணர்வுப் பேரணியாலும் அதை அழிக்க முடியாது.

நகரத்துக்கும் இதே பாடுதான். 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியானது. அதே வருடம் டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். அந்த மழையின் படங்கள் அன்றிரவே உலகத் தமிழர் கைகளில். இரு வாரத்தில் வந்த கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. சரிவில் குடியிருப்பவர்களை என்ன செய்வது, எங்கே மாற்று இடம், பாறைகளை யார் கண்காணிப்பது என்பதை அந்தத் தெருக்காரர்களே உட்கார்ந்து பேச வேண்டிய இடம் பகுதி சபை. 2022இல் விதி வந்தது, அந்த நவம்பர் 1 முதல் நகரங்களில் கூடத் தொடங்கியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எந்தத் தேதியில் எந்த மண்டபத்தில் என்பது பெரும்பாலான ஊர்களில் கவுன்சிலரின் ஆட்களுக்குத்தான் முதலில் தெரியும்.

யாரும் திட்டமிடாமல் நடந்த ஒரு குடிமைப் பாடத்தையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீட்டுக்கு வீடு படிவம் வந்தது. 2002, 2005ஆம் ஆண்டுப் பழைய பட்டியலில் அப்பா பெயர், பாட்டி பெயர், பாகம் எண், வரிசை எண் என்று தேடி உட்கார்ந்தது பெரும்பாலும் வீட்டு இளவட்டங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா எந்த ஊரில் ஓட்டுப் போட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகியிருந்தது. நீங்கிய 97 லட்சத்தில் இறந்தவர் யார், இடம்பெயர்ந்தவர் யார், தவறாக விடுபட்டவர் யார் என்று தெருவாரியாகப் பார்க்கப் பட்டியல் இணையத்தில் இருந்தது. இன்னொரு பக்கம், 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் 18, 19 வயதினரில் பத்தில் நான்கு பேர்கூடப் பட்டியலில் சேரவில்லை என்பது தேசிய நிலவரம். 17 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், வருடத்தில் நான்கு தகுதித் தேதி உண்டு, எல்லாம் போனிலேயே முடியும். பெயர் போகப்போகிறது என்றதும் தேடியவர்கள், பெயர் சேர்க்கலாம் என்றபோது அசையவில்லை.

போன் போன் என்கிறோமே, யார் போன்? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எப்போதாவது இணையத்தைத் தொட்டவர்கள் பாதிக்கும் குறைவு, ஆண்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு. அப்புறம் நிலைமை மாறியிருக்கும். மாறாதது, ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தப் போன் யார் கையில் என்ற கட்டுப்பாடு. ஜவ்வாது மலையில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் எடுக்கும் ஊர்கள் உண்டு. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரண போனில் கோண்டி மொழியிலேயே புகாரைப் பேசிப் பதியவைத்தது. படிக்கத் தெரிய வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். ஜவ்வாது மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் ஊர்களுக்கு அப்படி ஒரு எண்ணை யோசிக்க இங்கே ஆள் இல்லை. செயலி திறப்புவிழா நடத்தத்தான் ஆள் இருக்கிறது.

புதுச் செயலி எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. தைவானில் அரசின் ஜாயின் தளத்தில் 5,000 பேர் ஒரு கோரிக்கைக்கு ஒப்பமிட்டால் சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்லியாக வேண்டும். ஓட்டு வயது வராத பிள்ளைகளும் ஒப்பமிடலாம். பிரிட்டனில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், ஒரு லட்சத்துக்கு நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு எடுப்பது பற்றிய பரிசீலனை. இந்த இரண்டிலும் தொழில்நுட்பம் சாதாரணம்; எத்தனை பேர் கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்ததுதான் பெரிய காரியம். மனு கொடுத்தவர் சரி என்று சொல்லாமல் மனுவை முடிக்கக் கூடாது, கிராம சபைக்கு ஒரு வாரம் முன் வரவு செலவு ஊர் வாட்ஸப் குழுவில் தமிழில் வர வேண்டும் என்று இரண்டு வரி அரசாணை போட எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் டெண்டர் விட வேண்டியதில்லை. பகுதி சபை விஷயம் இன்னும் சுலபம். சொத்து வரி பாக்கி என்று நகரவாசிகளுக்குக் குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. எண்கள் கையில் இருக்கின்றன, அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. சபை கூடும் தேதியை, இடத்தை, போன கூட்டத்தில் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்பதை அதே எண்ணுக்கு அனுப்பாததற்கு என்ன காரணம் என்று அடுத்த பகுதி சபையிலேயே கேட்கலாம்.